அறுபத்து நாலாவது பார்

முதல் ஸ்டாண்டில் பக்கம் மறுபடி அகலமாகிக்கொண்டிருந்தது. தியோடர் அதைக் கவனிக்காதவர் போல வாசித்தார். கவனிக்காதவர் போல நடிப்பதெல்லாம் மனிதர்களிடம் செல்லும், இசைதாளிடம் செல்லாது. அது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

இசைதாள் என்பது ஸ்டாண்டின் மேல் நிற்கும் மெல்லிய தகடு. வாசிக்க வேண்டிய நொட்டேஷன் அதில் தெரியும். விளிம்பில் இருக்கும் கண்மானி, வாசிப்பவரின் விழி எங்கே தயங்குகிறது என்று பார்க்கும். வயலினில் தாடை பதியும் இடத்திலுள்ள நாடிமுனை, இதயம் எங்கே தடதடக்கிறது என்று கேட்கும். தயங்கிய இடத்தில் தாள் ஸ்வரங்களை விலக்கி வைத்து மூச்சுவிட இடம் கொடுக்கும். சுலபமான இடத்தில் நெருக்கி அடுக்கும். முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஒரு ஆள் கணினி முன்னால் உட்கார்ந்து, கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டங்களான பார்களை, இந்த வரிக்கு நாலு பார், அடுத்த வரிக்கு ஆறு பார் என்று ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து ஒழுங்கு செய்வார். இப்போது தாளே செய்துகொள்கிறது. இசைக்கான தாள், ஆளுக்கு இசைந்து போகிற தாள் என்று இரண்டு அர்த்தம் வரும்படி யாரோ ஒரு விளம்பரக்காரர் வைத்த பெயர் இது.

விளம்பரக்காரர் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். பக்கம் அகலமானால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது தெரியும்.

அதனால் ஸ்டுடியோக்களில் ஒரு புதுச் சொல் பிறந்தது: அகலம். 'அவருக்கு அகலம் விழுந்துடுச்சு' என்றால், பாவம், ஆள் முடிந்தார் என்று பொருள். கூடவே ஒரு நாகரிகமும் பிறந்தது. அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. மதியச் சாப்பாட்டில் அடுத்தவர் டிபன் டப்பாவைப் பார்க்கக் கூடாது என்பது மாதிரிதான். டப்பா விஷயத்தில் என்ன நடக்குமோ அதுவேதான் இங்கேயும் நடந்தது.

தியோடர் பல வருடங்களாக முதல் வயலின் பிரிவின் லீடர். பிரிவில் பதினைந்து பேர். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர், கடைசி ஸ்டாண்டில் ஒருவர் தனியாக. அவருடைய ஸ்டாண்டில் உள்பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஹேமாவதி. பக்கம் திருப்புவது உள்பக்கத்தாரின் வேலை. தாளே திருப்பிக்கொள்ளும் வசதி முதலில் இருந்தது. ஆனால் யாராவது கொட்டாவி விட்டுக் கண்ணை உருட்டினால்கூட அது பக்கத்தைத் திருப்பிவிட்டதால், அந்த வேலையை மட்டும் மனிதர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூலையில் விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

அன்று ஒத்திகை. பரிதி என்ற இசையமைப்பாளரின் படம். ஐம்பத்தெட்டாவது பாரிலிருந்து பொடிப் பொடியாக ஸ்வரங்கள் ஓடும். தியோடரின் இடதுகைச் சுண்டுவிரல் சில மாதங்களாகவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஓட்டம் நெருங்கும்போதே அவர் நாடி எகிறும். தாள் உடனே இரக்கப்பட்டு இடம் கொடுக்கும். நாலு பார் இருக்க வேண்டிய வரியில் இரண்டு, பிறகு ஒன்று. அந்த இரக்கத்தைப் பார்த்து அவருக்கு இன்னும் வெட்கமாகும். வெட்கத்தில் நாடி இன்னும் எகிறும். வெட்கம் எது, கஷ்டம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத தாள் இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

ஓட்டம் முடிந்து அறுபத்து நாலாவது பார். அதில் எதுவும் கிடையாது. பக்கம் திருப்ப வசதியாக ஒரு பார் ஓய்வு. ஹேமாவதி கையை நீட்டி மூலையைத் தொட்ட அதே நேரத்தில் பரிதி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். ஒத்திகை நின்றது.

"என்ன இது? முதல் ஸ்டாண்டுல இவ்ளோ அகலமா இருக்கு?" என்றார். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். "யாருக்கு?"

ஒரே தாளை இரண்டு பேர் படிக்கும்போது அகலம் யாருடையது என்று தாள் சொல்லாது. வாத்தியக்காரர் சங்கம் போராடி வாங்கிய உரிமை அது. ஆனால் முதல் ஸ்டாண்டில் அகலம் நீடித்தால் லீடரை மாற்றிவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும். தியோடரால் இரண்டாம் ஸ்டாண்டில் உட்காருவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை. திரும்பி ஹேமாவதியைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார்.

ஹேமாவதியின் விரல் இன்னும் தாளின் மூலையிலேயே இருந்தது. அவரும் தியோடரைப் பார்த்தார். பின்னால் பதின்மூன்று பேர் தங்கள் வில்லுக்குப் பிசின் தடவுவதில் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினார்கள்.

"எனக்குத்தான் சார்," என்றார் ஹேமாவதி பரிதியிடம். "கண்ணாடி மாத்தணும். பவர் ஏறிடுச்சு."

"அப்ப கொஞ்ச நாள் பின்னாடி உக்காருங்கம்மா. ரூபனை முன்னாடி வரச் சொல்லுங்க."

கடைசி ஸ்டாண்டில் தனியாக இருந்த ரூபன் முன்னால் வந்தான். ஹேமாவதி வயலினையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். போகும்போது அவர் தியோடரைப் பார்க்கவில்லை. தியோடர், தேவையே இல்லாமல், ஒரு தந்தியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

பதிவு அடுத்த வாரம். அதற்குள் தியோடர் தினமும் ஓட்டத்தைப் பயிற்சி செய்தார். சுண்டுவிரலை விட்டுவிட்டு மோதிர விரலாலேயே சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஓட்டம் சுத்தமாகிவிட்டது. ஆக, அகலத்துக்கு இனி காரணமே இல்லை.

இந்தப் பதிவுகளில் கையசைத்து நடத்தும் கண்டக்டர் கிடையாது. காதில் தாளம் சொல்லும் கிளிக்கும் கிடையாது. இயந்திரங்கள் பிசிறில்லாமல் வாசித்துத் தள்ளிய பிறகு, சனங்கள் பிசிறுக்குத்தான் ஏங்கினார்கள். 'மனிதர் வாசித்தது' என்ற முத்திரைக்கு நல்ல மதிப்பு. அப்படியானால் எல்லோரையும் ஒன்றாக நடத்துவது யார்? பக்கம்தான். ஸ்வரங்களை நெருக்கி எழுதினால் கை விரைகிறது, விலக்கி எழுதினால் நிதானிக்கிறது. காகிதத்தில் இடம் இருந்தால் நேரமும் இருப்பதாகக் கை நம்பிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த பிறகு, பதிவின்போது எல்லா ஸ்டாண்டுகளின் இசைவையும் சேர்த்து ஒரே பொதுப்பக்கமாக்கினார்கள். எல்லோர் முன்னாலும் அதே இடைவெளி. பதினைந்து கைகளும் ஒரே கையாக நகரும். பொதுப்பக்கத்தில் லீடரின் கண்ணுக்குத்தான் பெரும்பங்கு என்று எல்லோரும் நம்பினார்கள். தியோடரும் நம்பினார்.

கண்ணாடி அறையில் இருந்து பொதுப்பக்கத்தைக் கவனித்துக்கொள்பவர் பக்கச் சீராளர் குணாளன். எப்போதும் முறுக்கு தின்றுகொண்டிருப்பார். "ரோலிங்" என்றார் முறுக்கோடு.

ஓட்டம் நன்றாகப் போனது. அறுபத்து மூன்று முடிந்தது. ரூபன் கையை நீட்டித் தாளின் மூலையைத் தட்டினான். தியோடரின் கண் ஓரத்தில் ஒரு கை வந்து நின்றது. அது ரூபனின் கை என்று மூளைக்குத் தெரியும். நாடிக்குத் தெரியவில்லை.

புதுப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக விரிந்த பக்கத்தின் நடுவில் ஓய்வைக் குறிக்கும் சின்னஞ்சிறு கறுப்புக் கட்டை மட்டும் இருந்தது. அறுபத்து நாலாவது பார் ஒரு முழுப் பக்கமாகியிருந்தது.

தியோடருக்கு முகம் எரிந்தது. எல்லோர் தாளிலும் இது தெரியும். கடைசி ஸ்டாண்டிலும் தெரியும். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தார். வில்லைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். யாரும் வாசிக்கவில்லை, யாரும் அசையவில்லை. பதினைந்து வில்லும் காற்றில் நின்றன. இனித் தாங்காது என்ற இடத்தில் அவர் மூச்சை இழுத்து வில்லைத் தந்தியில் வைத்தார். பதினைந்து பேரும் ஒரே ஆளாக உள்ளே வந்தார்கள்.

டேக் முடிந்ததும் பரிதி ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று தியோடர் எழுந்து நின்றார். பரிதி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து சார் வந்துச்சு அந்த மௌனம்? நான் எழுதவே இல்லையே அதை! குணா, அந்தப் பக்கத்தை அப்படியே பூட்டு. ஒரு புள்ளி நகரக் கூடாது."

குணாளன் பூட்டினார். அதற்குப் பிறகு யார் கண் தயங்கினாலும் தயங்காவிட்டாலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

படம் ஓடியதோ இல்லையோ, மௌனம் ஓடியது. கதாநாயகன் ரயிலடியில் திரும்பாமல் நடந்து போகும் காட்சி அது. வயலின்கள் நிற்கும் இடத்தில் தியேட்டரில் விசும்பல் கேட்டது. ஆட்டோவில், டீக்கடையில், பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் என்று எங்கே போனாலும் அந்த மெட்டு வரும், எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், தியோடர் மட்டும் செருப்பைப் பார்ப்பார். இசைதாள் நிறுவனம் அடுத்த பதிப்பில் அமைப்புப் பட்டியலில் ஒரு புது வகை சேர்த்தது: 'பாக்கியநாதன் இடைவெளி'. தியோடர் பாக்கியநாதன் என்பது அவர் முழுப்பெயர். யாருடைய பாட்டிலும் எந்த இடத்திலும் அதைத் தட்டினால் போதும், பக்கம் அதே அளவில் வெறிச்சோடும். இசைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அதைப் போட்டு மதிப்பெண் வாங்கினார்கள். தான் செய்த கேவலத்துக்குத் தன் பெயரையே வைத்து விற்கிறார்கள் என்று தியோடருக்கு மட்டும் தெரியும். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

வெற்றி விழாவில் அவரை மேடை ஏற்றினார்கள். "அந்த மௌனத்துல சார் மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டார் தொகுப்பாளினி.

இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்று தியோடருக்குத் தோன்றியது. மைக்கை வாங்கினார். "ஒருத்தங்களைப் பார்த்தேன்," என்றார். "பார்த்திருக்கக் கூடாது. அந்த ஒரு பார்வைக்காக இன்னிக்கு வரைக்கும்..." அதற்கு மேல் பேச முடியவில்லை.

அரங்கம் அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். "அடடா, லவ்வா சார்!" என்றார் தொகுப்பாளினி, கண்ணைத் துடைத்தபடி. தமிழ்நாட்டில் ஒரு ஆண் மேடையேறி 'ஒருத்தரைப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது' என்றால் அதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியுமா என்ன? மறுநாள் எல்லாத் திரையிலும், மௌனத்துக்குப் பின்னால் யார் அந்தப் பெண் என்பதுதான் செய்தி. முதல் ஸ்டாண்டில் அவர் பக்கத்தில் இருந்த ஒரு பெண் திடீரென்று கடைசி ஸ்டாண்டுக்குப் போன கதையை ஸ்டுடியோவில் யாரோ உளறியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஹேமாவதியின் படமும் வந்துவிட்டது.

அடுத்த பதிவு நாளில் கேன்டீன் வாசலில் ஹேமாவதி அவரை நிறுத்தினார்.

"எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல அவரைக் கேலி பண்றாங்க சார். என் பொண்ணு காலேஜுக்குப் போக மாட்டேங்குறா."

"மன்னிப்புக் கேக்கத்தாம்மா மேடைல..."

"என்கிட்ட கேக்க வேண்டியதை எதுக்கு சார் ஊருகிட்ட கேட்டீங்க? அன்னிக்கு அந்த ரூம்ல பரிதி சார் யாருக்குன்னு கேட்டாரே, அப்ப சொல்லியிருக்கணும். நாலு எழுத்து. எனக்கு. அவ்ளோதான்." அவர் கத்தவில்லை. டீ ஆறிவிடப் போகிறது என்பதைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். "இனிமே என்னைப் பாக்காதீங்க சார். நீங்க பாத்தாலே எனக்கு ஏதாவது ஆயிடுது."

தியோடர் பதிவு அறைக்குப் போனார். அன்றைக்கு அதே மெட்டைப் படத்தின் இரண்டாம் பாகத்துக்காகப் புதிதாக வாசிக்க வேண்டும். எல்லோரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேமாவதி கடைசி ஸ்டாண்டில் போய் உட்காரும்வரை காத்திருந்து தியோடர் எழுந்தார். திரும்பிப் பிரிவைப் பார்த்து நின்றார்.

"ஒரு நிமிஷம். அன்னிக்கு முதல் ஸ்டாண்டுல விழுந்த அகலம் என்னோடது. ஹேமாவோடது இல்ல. என் விரல் வரல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் அவங்களைப் பார்த்தேன்."

சுருதி சேர்க்கும் சத்தம் நின்றது. எல்லோரும் அதிர்ந்துபோவார்கள், யாராவது சீறுவார்கள், குறைந்தபட்சம் ச்சே என்றாவது சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அதைத் தாங்கிக்கொள்ளவும் தயாராக வந்திருந்தார்.

"தெரியும் சார்," என்றார் மூன்றாம் ஸ்டாண்டில் இருந்த லில்லி, தன் வயலினைப் பார்த்தபடி.

"என்ன தெரியும்?"

"உங்க அகலம்தான்னு. மாசக்கணக்கா பின்னாடி உக்காந்து பாத்துட்டுத்தானே இருந்தோம். ஹேமாக்காவுக்கு அந்த ஓட்டம் கண்ணை மூடிட்டு வரும். அது தெரியாதவங்க இங்க யாரு இருக்கா?"

தியோடர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு முகமும் நிமிரவில்லை. ரூபனின் காதுகூடச் சிவந்திருந்தது.

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

பதில் எல்லோருக்கும் தெரியும். அவர் லீடர். வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, அடுத்த படத்துக்கு யார் பெயரைச் சொல்வார் என்ற யோசனை. ஒவ்வொருவரும் அன்று வில்லுக்குப் பிசின் தடவிக்கொண்டிருந்ததற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள்தான்.

ஒலிபெருக்கியில் முறுக்குச் சத்தம் கேட்டது. குணாளன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"தியோடர் சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். அந்த மௌனம் உங்களோடது இல்ல."

"என்ன குணா சொல்றீங்க?"

"பொதுப்பக்கத்துல லீடருக்குப் பெரும்பங்குன்னு யாரு சொன்னா? எல்லா ஸ்டாண்டுக்கும் ஒரே பங்குதான். ஒரு ஸ்டாண்டு எவ்ளோ தவிச்சாலும் அது ஒரு பாருக்கு இவ்ளோதான் இடம் கேக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கு. நீங்க மட்டும் கேட்டிருந்தா அந்தப் பார் லேசா ஊதியிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. முழுப் பக்கமா ஆகணும்னா..." அவர் முறுக்கை விழுங்கினார். "இருக்கறது எட்டு ஸ்டாண்டு. ஏழு ஸ்டாண்டு கேட்டிருக்கு. அதே இடத்துல."

அறை அமைதியானது. பதிவு செய்யத் தகுந்த அமைதி. எந்த ஸ்டாண்டு கேட்கவில்லை என்று யாரும் குணாளனைக் கேட்கவில்லை. மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, எல்லோரும் திரும்பிக் கடைசி ஸ்டாண்டைப் பார்த்தார்கள்.

ஹேமாவதி வில்லின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றார். "எனக்கு அந்த இடத்துல ஒண்ணும் இல்ல. ஒரு பார் ஓய்வு, அவ்ளோதான். நீங்க எல்லாரும் முடிக்கற வரைக்கும் வில்லைத் தூக்கிப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன். தோள் வலிக்குது."

யாரோ சிரிக்க முயன்று விட்டுவிட்டார்கள். தியோடர் உட்கார்ந்தார். ரூபனிடம், "நீ பின்னாடி போப்பா. ஹேமாவை முன்னாடி வரச் சொல்லு," என்றார். ரூபன் எழுந்தான்.

"வேணாம் ரூபன், உக்காரு," என்றது பின்னாலிருந்து குரல். "இங்க என் தாளு நல்லா நெருக்கமா இருக்கு. எனக்கு இதுவே போதும்."

அப்போதுதான் பரிதி கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. "என்ன எல்லாரும் ரெடியா? அந்த மௌனம் அதே மாதிரி வரணும். குணா, பாக்கியநாதன் இடைவெளியைப் போட்டுடு."

குணாளன் விரலைப் பட்டியலுக்குக் கொண்டுபோனார். பிறகு திரையைப் பார்த்து விரலை எடுத்துக்கொண்டார். பூட்டாத புதுப் பக்கம் அது. இன்னும் யாரும் ஒரு ஸ்வரமும் வாசிக்கவில்லை. அதற்குள் அறுபத்து நாலாவது பார் தானாகவே நகர்ந்து, வரியை விட்டு இறங்கி, அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை. இரண்டாவது பக்கமும் வெளுத்தது.

"தேவையில்ல சார்," என்றார் குணாளன். "தானாவே விழுது."

ரோலிங் என்ற குரல் கேட்டது. ஓட்டம் சுத்தமாக வந்தது; ஒரு விரலும் தடுமாறவில்லை. அறுபத்து மூன்று முடிந்தது. உள்பக்கத்தார் எல்லோரும் கையை நீட்டித் தாளைத் தட்டினார்கள். வெற்றுப் பக்கம் வந்தது. மறுபடி தட்டினார்கள், இன்னொரு வெற்றுப் பக்கம் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் பரிதி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பதினான்கு பேர் தலை குனிந்திருந்தார்கள். கடைசி ஸ்டாண்டில் ஹேமாவதி வில்லைத் தூக்கியபடி அவர்கள் முடிப்பதற்காகக் காத்திருந்தார்.